கழுவாமல் விட்ட தொட்டி

என் அன்பான அஞ்சலை பெரியம்மாவுக்கு,

போன செவ்வாய்க்கிழமை நம் தோட்டத்துக்குப் போய் வந்தேன். பழக்கத்தில்தான் தோட்டம் என்று எழுதுகிறேன். ரப்பர் மரம் ஒன்றுகூட அங்கே இல்லை. பெடாஸ் சாலையை விட்டு உள்ளே திரும்பியதுமே எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை தொடங்கிவிடுகிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடமும் குழாயடியும் எங்கே என்று கேட்டால் இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் ரப்பர் பால் ஸ்டோரின் தளம் இருக்கிறது. கூரையும் சுவர்களும் போன பிறகும் உங்கள் பெரிய தொட்டி தரையோடு தரையாக அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தேய்த்துத் தேய்த்து என் உள்ளங்கை இரண்டும் இன்னும் எரிகின்றன. ஏன் தேய்த்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் போய் இந்த மாசியோடு பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவன் இப்போது எழுதக் காரணம், ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி. நிலம் எப்படி வளைகிறது, எவ்வளவு நகர்கிறது என்று கணக்கிடும் ஆராய்ச்சியாளர் அவள். சிரம்பான்காரி, நம் பிள்ளைதான். பழைய செய்தித்தாள்களைப் புரட்டும்போது நான் எழுதிய கட்டுரை ஒன்று அவள் கண்ணில் பட்டு, என் வீட்டைத் தேடி வந்தாள். உட்கார்ந்ததும் கேட்டாள்: "எந்த ரெண்டு சுவரு, அங்கிள்?"

அந்தக் கேள்விக்கு நீங்கள் எப்போதோ பதில் சொல்லியாயிற்று. அச்சில் போடாதவன் நான்.

இதை உங்களோடு சேர்ந்து மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது அம்மாவின் வயிற்றில் ஏழு மாதம். இதில் எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. உங்களிடமும் அப்பா அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒன்றோடொன்று முரண்படாததை மட்டுமே எழுதுகிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலத்தின் நடுப்பகுதி அது. காட்டை ஒட்டி ஆங்காங்கே இருந்த லயங்களைக் காலி செய்து, எல்லாரையும் ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் பக்கத்தில் ஒரே இடத்தில் குடிவைத்துச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போகக் கூடாது என்பது ஏற்பாடு. பால் எடுக்க மரம் வெட்டப் போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. வேலிக் கம்பியில் ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு காலி டின், உள்ளே நாலைந்து கூழாங்கல். யாராவது கம்பியைத் தொட்டால் டின் சத்தம் போடும். மூலையில் மரத்தால் கட்டிய காவல் கோபுரம், அதன் மேலே துப்பாக்கியோடு ஒரு காவலர்.

நீங்கள் ஸ்டோரில் வேலை. மரம் வெட்டியவர்கள் வாளியில் கொண்டுவரும் பாலை எடை போட்ட பிறகு அந்தப் பெரிய சதுரத் தொட்டியில் ஊற்றிக் கலக்குவது, நுரை எடுப்பது, ஆசிட் சேர்ப்பது, தொட்டி காலியானதும் ஒட்டு இல்லாமல் தேய்த்துக் கழுவுவது. ஓரத்தில் பழைய பால் துளி காய்ந்திருந்தாலும் அடுத்த நாள் பால் கெட்டுவிடும். அதனால் தோட்டத்திலேயே சுத்தமான இடம் உங்கள் தொட்டிதான். கோயில் அண்டாவைவிடச் சுத்தம் என்று அம்மா சொல்வார். அதைப் பாராட்டாகச் சொன்னது பிற்காலத்தில்.

அந்தக் காலத்தில் நீங்களும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லை. குழாயடியில் யாருடைய குடம் முதலில் இருந்தது என்பதில் தொடங்கிய சண்டை, எட்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் அம்மாவின் குடத்தைக் காலால் தள்ளினீர்கள் என்பது அம்மாவின் கட்சி. குடம் தானாக உருண்டது என்பது உங்கள் கட்சி. கடைசி வரைக்கும் இருவரும் அதில் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் தீர்ப்பு சொல்லப் போவதில்லை.

அப்பாவுக்கு ஒரு நாய் இருந்தது. பெயர் ராஜா. லயம் மாறியபோது அது பழைய இடத்தை விட்டு வரவில்லை. பிறகு மனம் மாறி வந்தபோது வேலி எழும்பிவிட்டது, நாயை உள்ளே விடக் காவலர்கள் ஒப்பவில்லை. அப்பா தினமும் மத்தியானம் தன் தட்டில் ஒரு பிடி சோற்றை மிச்சம் வைத்து, வேலிக்குப் போய் நாய்க்கு வீசிவிட்டு வருவார். தப்பு என்று தெரியும். அம்மா எவ்வளவோ சொல்லியிருக்கிறார். "ஒரு நாளைக்கு அந்த நாயாலதான் நீங்க மாட்டப்போறீங்க."

மாட்டிக்கொண்டார். பால் எடை போட்டு முடிந்த நேரம். அப்பா சோற்றுப் பிடியோடு வேலிக்கு ஒரு எட்டுத் தூரத்தில் நிற்கிறார். டின்கள் எல்லாம் ஒன்றாகக் குலுங்கத் தொடங்கின. கோபுரத்தில் இருந்த காவலருக்கு, கோபுரத்தையே யாரோ கீழிருந்து பிடித்து ஆட்டுவது போல இருந்ததாம். கீழே பார்த்தால் வேலியோரம் ஒரு ஆள், கையில் சோறு. அவர் வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த உயரத்தில், அந்த நாட்களில், யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

விசாரிக்க வந்த அதிகாரிக்குக் கதை நேராக இருந்தது. இந்த ஆள் கம்பியை ஆட்டிக் காட்டுக்குச் சைகை கொடுத்திருக்கிறான், சோறு கொண்டுவந்திருக்கிறான். சோறு நாய்க்கு என்று அப்பா சொன்னதை அவர் நம்பியிருக்கக்கூடும். சைகை என்பதுதான் பெரிய குற்றம். அப்பா இந்தியாவில் பிறந்தவர். அந்த முத்திரை விழுந்தால் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள், வழக்கு வாதம் ஒன்றும் கிடையாது. நிலம் ஆடியிருக்குமோ என்று ஆபீஸ் கணக்கரான கிராணி மெதுவாகக் கேட்டதற்கு, இந்த நாட்டில் நிலநடுக்கமே கிடையாது என்று அதிகாரி முடித்துவிட்டார். அம்மாவுக்கு அந்த நேரத்தில் தலை சுற்றியிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சிக்குச் சுற்றுவதுதானே என்று அவரே நினைத்துக்கொண்டார். நடந்துகொண்டிருந்தவர்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை. அப்பாவைச் சிரம்பான் லாக்கப்புக்குக் கொண்டுபோனார்கள்.

நீங்கள் அந்த நேரத்தில் தொட்டி ஓரத்தில் குந்தி நுரை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். பால் தானாக ஒரு பக்கச் சுவரில் ஏறி, இறங்கி, எதிர்ச் சுவரில் ஏறியது. அவசரமே இல்லாமல் போய்ப் போய் வந்தது. முதலில் உங்களுக்குத் தோன்றியது நிலநடுக்கம் இல்லை. இன்றைக்குச் சாப்பிடாமல் வந்துவிட்டோமே, மயக்கம் என்று நினைத்தீர்கள். பக்கத்தில் இருந்த வாளியிலும் பால் அதே பக்கம் ஆடியபோதுதான் கையை எடுத்தீர்கள். மூன்று வாளி ஊற்றும் நேரம் ஆடியது என்று என்னிடம் சொன்னீர்கள். நீங்கள் நேரம் பார்ப்பது எப்போதும் வாளிக் கணக்கில்தான்.

பால் அடங்கியது. பிறகு கெட்டிப்படுத்தும் சின்னத் தொட்டிகளுக்குப் போனது. பெரிய தொட்டி காலியானதும் பார்த்தால், சுவர்களில் மெல்லிய தோலாகப் பால் காய்ந்து நிற்கிறது. எதிரெதிரான இரண்டு சுவர்களில் ஒரு ஜாண் உயரம். மற்ற இரண்டு சுவர்களில் நாலு விரல். தேய்க்கும் நாரைக் கையில் எடுத்தீர்கள், கீழே வைத்தீர்கள். அதற்குள் அப்பாவைப் பிடித்த சேதி ஸ்டோருக்கு வந்துவிட்டது.

ஸ்டோரை மேற்பார்த்த மண்டோருக்குத் தொட்டி நாறினால் தன் வேலை போய்விடும் என்ற பயம். அவர் கெட்டவர் இல்லை என்று நீங்களே சொல்வீர்கள். அவரும் நீங்களும் பேசியதை நீங்கள் இரண்டு குரலில் நடித்துக் காட்டியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"தொட்டிய இன்னும் கழுவலியா?"

"கழுவல."

"ஏன், கையில சுளுக்கா?"

"தொர வந்து பாக்கட்டும். அப்பறம் கழுவுறேன்."

"தொர வந்து ஒன் தொட்டிய பாக்கணுமா? நாளைக்குப் பால எங்க ஊத்துறது, ஒன் தலையிலயா?"

"பழைய தொட்டி ஒண்ணு கெடக்குல்ல, அத இப்பத்தான் தேச்சு வச்சேன். அதுல ஊத்துங்க."

"பேர வெட்டிருவேன், அஞ்சல."

"வெட்டுங்க. வெட்டிட்டுப் போயி, ஏன் வெட்டுனேன்னு தொரகிட்ட சொல்லுங்க. அப்பவாச்சும் வருவாரு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் பேர் வெட்டுவது என்றால் என்ன என்று இன்றைக்குப் படிப்பவர்களுக்குத் தெரியாது. பேர் வெட்டினால் வேலை இல்லை, லயத்து வீடும் இல்லை. வீடு இல்லை என்றால் வேலிக்கு வெளியே. கணவர் இறந்து, சொந்தம் என்று ஒருவரும் இல்லாத பெண் அந்தக் காலத்தில் வேலிக்கு வெளியே எங்கே போவது? எட்டு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவளின் புருஷனுக்காக நீங்கள் அந்த இடத்தில் போய் நின்றீர்கள்.

இரண்டாம் நாள் காலையில் தோட்ட மேனேஜரான துரையும், அவருக்கு அடுத்த நிலையில் இருந்த சின்னத் துரையும், அந்த அதிகாரியும் வந்தார்கள். கிராணி நடுவில் நின்று மொழிபெயர்த்தார். யாராவது தொட்டியை இடித்திருப்பார்கள் என்றார் அதிகாரி. தொட்டி தரையோடு சேர்த்துக் கட்டியது, இதை இடித்து ஆட்ட யானை வேண்டும் என்றீர்கள். கிராணி யானையை விட்டுவிட்டு மொழிபெயர்த்தார். நீங்களோ யானையையும் சொல்லச் சொன்னீர்கள்.

பிறகு ஒரு அலுமினிய வாளியில் தண்ணீர் எடுத்துவந்து வேலியோரம் வைத்தீர்கள். கம்பியை நன்றாக ஆட்டிப் பார்க்கச் சொன்னீர்கள். அதிகாரியே ஆட்டினார். இரண்டு கம்பம் தூரத்துக்கு டின்கள் குலுங்கின. அதற்கப்பால் ஒரு டின்கூட அசையவில்லை. தண்ணீரும் அசையவில்லை. அப்போது நீங்கள் கேட்டதை அம்மா, கிராணியின் மகள் இருவருமே ஒரே மாதிரி எனக்குச் சொன்னார்கள்.

"ரெண்டு கம்பத்துக்குத்தான் கேக்குது. அன்னிக்கு நாலு பக்கமும் கேட்டுச்சே. ஒரு ஆளு நாலு பக்கம் நிக்க முடியுமா, கேளுங்க."

கிராணி கேட்டார். அதிகாரி தொட்டிக்குத் திரும்பிப் போனார். சின்னத் துரை சுவரில் இருந்த தோலைக் குச்சியால் அளந்து ஒரு தாளில் எழுதினார். மறுநாளோ அதற்கு மறுநாளோ சுமத்ராவில் நிலம் ஆடிய செய்தி வானொலியில் வந்தது. அப்பா திரும்பி வந்தார். சோற்றுக்கு எச்சரிக்கை கொடுத்து விட்டுவிட்டார்கள். அவர் வந்த அன்றே நீங்கள் தொட்டியைக் கழுவினீர்கள். காய்ந்த பால் உரிய ஒரு காலைப்பொழுது முழுக்க ஆயிற்று. மண்டோரும் ஒரு நாரை எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினார் என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. இப்போது நம்புகிறேன். அந்தத் தொட்டியைத் தனியாகக் கழுவுவது எவ்வளவு வேலை என்று தெரிந்துவிட்டது.

ராஜாவைப் பற்றி யாராவது கேட்பார்கள். காவலர்களே பிறகு அதற்குச் சோறு போட்டார்களாம். அது கடைசிவரை கோபுரத்தின் அடியில் படுத்துக்கிடந்தது.

நான் பிறந்த பத்தாம் நாள் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தார். "அக்கா, இவனப் பிடிங்க" என்றார். நீங்களும் பிடித்துக்கொண்டீர்கள். அன்றிலிருந்து எனக்கு நீங்கள் பெரியம்மா. அப்பா ஒருமுறை உங்களிடம் நன்றி சொல்ல வந்து, சொல்லத் தெரியாமல் ஸ்டோர் வாசலில் நின்றாராம். "நான் பாத்தத சொன்னேன், அதுக்கு என்ன இப்ப? போயி புள்ளைக்குத் தொட்டில் கட்டு" என்று அனுப்பிவிட்டீர்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

நிருபராகி ஐந்தாறு வருஷம் ஆன நேரம். தோட்டம் கை மாறியபோது ஆபீசின் பழைய கோப்புகளைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. அதில் சின்னத் துரை எழுதிய ஒரு பக்கக் குறிப்பு இருந்தது. தொட்டிச் சுவரின் அடையாளத்தைக் கவனித்ததால் ஒரு தொழிலாளி மீதான சந்தேகம் நீங்கியது என்று எழுதியிருந்தார். யார் கவனித்தது என்று எழுதவில்லை. அச்சான தாளைப் பார்த்தால் வாய்ப்பேச்சை மறந்துவிடும் வயது எனக்கு. தம்பின் ஊரில் உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டே தெரு. சின்னத் துரையின் கூர்மையான கண் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியது என்று அரைப்பக்கம் எழுதினேன். பாராட்டும் வந்தது.

சிறுவயதிலிருந்து உங்கள் கதையைக் கேட்டு வளர்ந்தவன் எப்படி அப்படி எழுதினான்? வீட்டில் கேட்டது கதை, கோப்பில் இருப்பது செய்தி என்று நினைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெண் உங்களுக்கு அதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தபோது என் தட்டில் மீனை வைத்துக்கொண்டே சொன்னீர்கள்.

"நல்லா எழுதியிருக்க. தொட்டி என்ன நெறம்னு போடலியே?"

"கோப்புல இல்ல, பெரியம்மா."

"அந்தத் தொரகிட்ட கேக்க சீமைக்குப் போவணும். என்கிட்டன்னா நடந்தே வந்திருக்கலாம்."

நான் சாப்பிட்டது பாதிதான். அன்று மத்தியானமே நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். இரண்டு மணி நேரம் சொன்னீர்கள். தொட்டி நாலு முழம் சதுரம், உங்கள் கை முழம். பால் உங்கள் முழங்கால் உயரம் நின்றது. ஒரு ஆட்டத்துக்கு மூச்சை இழுத்து விடும் நேரம். வெள்ளை ஓடு பதித்த தொட்டி. ஆசிட் ஜாடி இடித்து ஒரு ஓடு உடைந்ததால், அதற்குப் பதிலாகக் கிடைத்த பச்சை ஓடு ஒன்றை வைத்திருந்தார்கள். பால் உயரமாக ஏறியது அந்தப் பச்சை ஓடு இருக்கிற சுவரிலும் அதற்கு எதிர்ச் சுவரிலும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். திருத்தம் போடலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். பழைய கதைக்கு எதற்குத் திருத்தம் என்றார். நான் இரண்டாம் முறை கேட்கவில்லை.

நீங்களும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஒரே ஒரு முறை தவிர. ஆழிப்பேரலை வந்த அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணியிருக்கும், தொலைபேசியில் உங்கள் குரல்.

"தம்பி, குளிக்கிற தொட்டியில தண்ணி ஆடுதுடா. அதே ஆட்டம். சுமத்ரா பக்கம் என்னமோ ஆயிருக்கு, ஒங்க பேப்பர்ல கேளு."

எனக்கு விடுமுறை. வயசான காலத்தில் தலை சுற்றுகிறதோ என்று கேட்டேன். "எனக்குச் சுத்துனா தண்ணிக்குமா சுத்தும்?" என்றீர்கள். அரைமணி நேரத்தில் செய்தி வரத் தொடங்கியது. அன்றும் என்னை முந்திக்கொண்டவர் நீங்கள்.

சிரம்பான் பெண் செய்யும் வேலையை உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். ஸ்டோர் பாஷையில் சொன்னால் உங்களுக்கு உடனே புரியும்.

சுமத்ராவுக்கு மேற்கே, கடலின் தரை ஒரு பெரிய தட்டாக மெல்ல மெல்லத் தீவுக்கு அடியில் இறங்கிக்கொண்டிருக்கிறது. வழுக்கிக்கொண்டு போனால் தொல்லை இல்லை. அது ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்தில் மேலே இருக்கும் நிலத்தின் விளிம்பையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. விளிம்பு வருஷக்கணக்கில் வளைந்துகொண்டே போகிறது. ஒரு நாள் ஒட்டு விட்டுப்போகிறது. வளைந்த விளிம்பு துள்ளி எழுகிறது. அதுதான் நிலநடுக்கம், கடல் எழும்புவதும் அதனால்தான். பின்னால் இருக்கும் நம் நிலமும் அந்தப் பக்கமாக இழுபடுகிறது. அந்த டிசம்பரில் நாம் நின்ற இடமும் சுமத்ராவை நோக்கி விரல் கணக்கில் நகர்ந்ததாம். வானத்துக் கருவிகளை வைத்து அளந்திருக்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். துள்ளி முடிந்த பிறகும் நிலம் வருஷக்கணக்கில் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆழத்தில் இருக்கும் சூடான பாறை, ஆசிட் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஆன பால் மாதிரி. விரலால் குத்தினால் கெட்டி. விட்டுவிட்டால் மெதுவாக வழிந்து தன் இடத்துக்கு வரும். மேலே இருக்கும் ஊரையும் சேர்த்து இழுத்துக்கொண்டே வழிகிறது. உங்கள் அஸ்தியைக் கரைத்த லிங்கி ஆறும் அதோடு கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்.

இவளுடைய வேலை இதையெல்லாம் கணினியில் செய்து பார்ப்பது. நீங்கள் சின்னத் தொட்டியில் தகடு சொருகிப் பாலைப் பத்தி பத்தியாகப் பிரிப்பீர்களே, அப்படி நிலத்தை ஆயிரக்கணக்கான துண்டாகப் பிரித்துக்கொள்கிறாள். ஆழத்தில் இந்த இடத்தில் இவ்வளவு வழுக்கினால் மேலே எந்த ஊர் எவ்வளவு நகரும் என்று ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போடுகிறாள். வந்த விடையை அளந்த அளவோடு ஒப்பிடுகிறாள். பொருந்தவில்லை என்றால் மாற்றி, மறுபடி.

இன்றைய நடுக்கங்களுக்கு அளவு இருக்கிறது. உங்கள் காலத்து நடுக்கத்துக்கு இல்லை. வழுக்கியது கடலுக்கடியில் தட்டு இறங்கும் இடத்திலா, அல்லது சுமத்ராவின் நீளத்துக்கு ஓடும் நிலப் பிளவிலா என்பதே அவளுக்குச் சந்தேகம். அதனால் பழைய சாட்சிகளைத் தேடுகிறாள். எங்கே விளக்கு ஆடியது, எந்தக் கோயில் மணி தானாக அடித்தது, எவ்வளவு நேரம் என்று. என் கட்டுரையில் அவளுக்கு வேண்டிய ஒன்றும் இல்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவள், மூச்சு இழுத்து விடும் நேரம் என்ற வரியில் விரலை வைத்து நிறுத்தினாள்.

"இத யாரு சொன்னாங்க, அங்கிள்? சின்னத் துரையா?"

"இல்லம்மா. எங்க பெரியம்மா."

"அப்ப கட்டுரையில ஏன் அவுங்க இல்ல?"

ஐம்பது வருஷமாக மற்றவர்களைக் கேள்வி கேட்டவன் நான். தொட்டியையே காட்டுகிறேன், வா என்றேன்.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை தோட்டத்துக்குப் போனோம். தொட்டியின் அளவும், பச்சை ஓடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் வேண்டும். தொட்டிக்கு என்று சொந்தமாக ஒரு ஆட்டம் உண்டாம். அது எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழித்தால்தான் நிலத்தின் ஆட்டம் தெரியும். அவள் நாடாவைப் பிடித்து அளந்தாள். உங்கள் நாலு முழத்துக்கும் நாடாவுக்கும் இரண்டு விரல்கூட வித்தியாசம் இல்லை.

ஆனால் பச்சை ஓடு? பெரியம்மா, தொட்டி முழுக்கப் பாசி. நாலு சுவரும் பச்சை. கூரை போன பிறகு பெய்த மழையும் நிழலும் சேர்ந்து எல்லா ஓட்டையும் பச்சையாக்கி வைத்திருந்தன. அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கழுவணும்லா, அங்கிள்."

செம்பனை வெட்டுகிறவர்களிடம் வாளியும் பிரஷும் வாங்கினோம். அவள் மட்டைகளை அள்ளினாள், தவளைகளைப் பத்திரமாக வெளியே விட்டாள். நான் கால்சட்டையை மடித்துவிட்டு உள்ளே இறங்கினேன். எழுபது தாண்டியவன் முட்டி போட்டுச் சுவரைத் தேய்ப்பதைப் பார்த்து வெட்டுக்காரர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். முதல் சுவர் வெள்ளை. இரண்டாவது சுவரும் வெள்ளை. மூன்றாவது சுவரில், விளிம்பிலிருந்து இரண்டாம் வரிசையில், எவ்வளவு தேய்த்தும் ஒரு ஓடு மட்டும் வெள்ளையாகவில்லை.

அதன்மேல் கையை வைத்து அவளைக் கூப்பிட்டேன். அவள் திசைகாட்டியை அந்தச் சுவரில் வைத்துப் படித்தாள். தென்மேற்கு. எதிர்ச் சுவர் வடகிழக்கு. பால் சுமத்ராவுக்கும் நமக்கும் நடுவே போய் வந்திருக்கிறது.

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் அல்லவா? ஒரு தொட்டியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று அவளே சொன்னாள். அலை குறுக்கிலும் ஆட்டும், நெடுக்கிலும் ஆட்டும். ஆனால் அவ்வளவு நிதானமான ஆட்டம், அவ்வளவு நேரம் நீண்டது, கடலுக்கடியில் தட்டு வழுக்கியிருக்கலாம் என்ற பக்கம் கொஞ்சம் சாய்கிறதாம். மற்ற சாட்சிகளோடு சேர்த்து எடை போடப் போகிறாள். அவளுடைய பட்டியலில் ஊர், நேரம், எது ஆடியது, பார்த்தவர் என்று பத்திகள் இருக்கின்றன. பார்த்தவர் என்ற பத்தியில் என் கண் முன்னாலேயே எழுதினாள்: அஞ்சலை, பால் ஸ்டோர் தொழிலாளி. தொழிலாளி என்று போட்டால் போதுமா என்று கேட்டாள். போதும், அவருக்கு அதில் பெருமை என்றேன்.

அந்த மத்தியானம் நீங்கள் நாரைக் கீழே வைக்காமல் போயிருந்தால், அம்மா நாகப்பட்டினத்தில் எங்கோ ஒரு சத்திரத்தில் என்னைப் பெற்றிருப்பார். நான் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்காரன் என்று சொல்லிக்கொள்வது, இந்த மண்ணைப் பற்றி இத்தனை வருஷம் எழுதிப் பிழைத்தது, இப்போது அது நகர்கிறது என்று கேட்டு வியப்பது, எல்லாமே நீங்கள் செய்யாமல் விட்ட ஒரு வேலையிலிருந்து வந்தவை. நீங்கள் இருக்கும்போது ஒருமுறைகூட இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அப்பா மாதிரியே ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டே இருந்துவிட்டேன்.

எனவே இது என் திருத்தம். அன்று அந்தக் கட்டுரை வந்த அதே ஞாயிறு பக்கத்தில் இதைப் போடச் சொல்லியிருக்கிறேன். தொட்டியைக் கவனித்தவர் சின்னத் துரை அல்ல. கவனித்தவர், கழுவ மறுத்தவர், கம்பியை ஆட்டிப் பார்க்கச் சொன்னவர் அஞ்சலை. தொட்டி வெள்ளை நிறம், ஒரு ஓடு பச்சை.

இனி யார் கேட்டாலும் இந்தக் கதையை உங்கள் பெயரில்தான் தொடங்குவேன், பெரியம்மா. கால் தாங்கும் வரைக்கும் ஒவ்வொரு மாசியிலும் போய் அந்தத் தொட்டியைத் தேய்த்துவிட்டு வருவேன். இந்த முறை நாலாவது சுவரையும் கழுவி முடித்துவிட்டுத்தான் மேலே ஏறினேன். தேடியது கிடைத்துவிட்டதே, அது எதற்கு என்று அந்தப் பெண் கேட்டாள். ஓரத்தில் ஒட்டு இருந்தால் உங்களுக்குப் பிடிக்காது என்றேன்.

குழாயடியில் உங்களோடு பேசாமல் இருந்தவள் பெற்று,
பத்தாம் நாள் உங்கள் கையில் கொடுத்த மகன்,
தனபாலன்
தம்பின்